எந்தக் கிளிமூக்கு?

தொட்டியில் தண்ணீர் பாதிதான் இருந்தது. அடியில் ஓர் உடைந்த பூச்சட்டி கவிழ்ந்து கிடந்தது. அதைச் சுற்றிக் கடுகளவு மீன் குஞ்சுகள் துடித்துக்கொண்டிருந்தன. பெற்ற ஜோடியைத்தான் காணோம்.

சம்பந்தியம்மா கண்ணாடியில் மூக்கு படுகிற அளவுக்குக் குனிந்து பார்த்தார்.

"அப்பாவும் அம்மாவும் சொல்லாம கொள்ளாம கிளம்பிட்டாங்க சம்பந்தி. பிள்ளைங்க இனி மாமியார் தலையிலதான். எல்லா வீட்லயும் நடக்கிறதுதானே."

நான் சிரிக்கவில்லை. வேலை நேரத்தில் சிரிக்கிற ஆளை நான் நம்புவதில்லை. மற்ற நேரத்தில் சிரிக்கிறவனையும் அவ்வளவாக நம்புவதில்லை.

இந்த அம்மாள் என் மகளுடைய மாமியார். தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுக்கிற வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். நான் கிடங்குக் காவல் பார்த்துப் பார்த்து, திருடன் முகம் பழகிப்போய், துப்பறிகிற தொழிலுக்கு வந்தவன். படிப்பு அஞ்சாவதைத் தாண்டவில்லை. வீட்டில் சும்மா இருந்தால் தன்னோடு சண்டை வரும் என்று இந்த அம்மாளை என் மகள்தான் என் கூட அனுப்பி வைத்தாள். உதவிக்கு என்று பேர். ஆனால் எங்கே போனாலும் நாற்காலி அவருக்குத்தான் முதலில் வரும். டீயும் அப்படித்தான். அது எனக்குப் பிடிப்பதில்லை என்று இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

எங்களைக் கூப்பிட்டவள் அந்த வீட்டுச் சின்ன மருமகள். ஒரே மதில், ஒரே கேட். முன்பக்கம் மீன் கடை; அது தம்பிக்கும் சின்னவளுக்கும். பின்பக்கம் நிழல் வலை கட்டிய செடிப் பண்ணை. அது அண்ணனுக்கும் பெரியவளுக்கும். தண்ணீர்த் தொட்டி ஒன்று, அடுப்படி இரண்டு. அடுப்படி இரண்டான வீட்டில் மற்றதெல்லாம் எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

"கிளிமூக்கை எப்பம்மா கடைசியா பார்த்தீங்க?" என்று ஆரம்பித்தேன்.

"எது?" என்றாள் சின்னவள்.

"என்னம்மா எதுங்கறீங்க? நீங்கதானே கிளிமூக்கைக் காணோம்னு போன்ல அழுதீங்க?"

"தப்பா நினைக்காதீங்க ஐயா. வாய்ப் பழக்கம்." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இங்க கிளிமூக்குன்னா மூணு இருக்கு. காணாமப் போனது நல்ல தண்ணி மீன், ஆரஞ்சு நிறம். கடல்லயும் ஒரு மீனுக்கு அதே பேர்தான், அது பச்சை. பின்னாடி அக்கா வளர்க்கிற கொடிக்கும் கிளிமூக்குன்னுதான் பேர், பூ சிவப்பா வளைஞ்சிருக்கும். மூணுக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. மூக்கு வளைஞ்சிருந்தா விக்கிறவங்க கிளின்னு வெச்சிடறாங்க."

"புலிவால்னு சொல்றீங்களே, வாசல்ல எழுதியிருக்கு?" என்றார் சம்பந்தியம்மா.

"அதுல நாலு இருக்கும்மா. ரெண்டு செடி, ரெண்டு மீன்."

"எங்க ஆபீஸ்லயும் ஒரே பேர்ல நாலு பேர் இருந்தாங்க. அதிகாரி கூப்பிட்டா எதுன்னு யாரும் கேக்க மாட்டாங்க. நாலு பேருமே எழுந்திருக்க மாட்டாங்க."

அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள். உடனே ஒரு நாற்காலியை இழுத்து சம்பந்தியம்மாவுக்குப் போட்டாள். நான் நின்றுகொண்டேன்.

"நாங்களும் முன்னாடி கேக்க மாட்டோம்" என்று தொடர்ந்தாள் அவள். "ஒரு தடவை கிளிமூக்கு வந்திருக்குன்னு யாரோ குரல் கொடுத்தாங்க. வீட்டுக்காரர் பையைப் பார்க்காம, கடல் மீனை நல்ல தண்ணியில விட்டுட்டார். காலையில அத்தனையும் மல்லாந்து கிடந்துச்சு. அவர் ரெண்டு நாள் சாப்பிடலை. அன்னையிலேர்ந்து இந்த வீட்ல யார் கிளிமூக்குன்னு வாயெடுத்தாலும் எதுன்னு கேட்டுட்டுத்தான் மறு பேச்சு. தூக்கத்துல எழுப்பிச் சொன்னாலும் கேப்போம்."

எனக்கு எரிச்சலாக இருந்தது. பேரை வைத்து ஒரு பொருளை நம்ப முடியாது என்றால், அப்புறம் எதற்குப் பேர்? ஆனாலும் மனதுக்குள் குறித்துக்கொண்டேன்.

விஷயம் இதுதான். பக்கத்து நகரத்தில் பெரிய மீன் காட்சியகம் ஒன்று திறக்கிறார்கள். அங்கே பொறுப்பாளர் வேலைக்குச் சின்னவளைக் கேட்டிருக்கிறார்கள். காரணம், எவர் கையிலும் குஞ்சு பொரிக்காத இந்தக் கிளிமூக்கு அவள் கையில் பொரித்திருக்கிறது. ஜோடி குஞ்சுகளோடு நிற்பதைக் கண்ணால் பார்க்க அங்கேயிருந்து ஓர் அதிகாரியம்மாள் மத்தியானம் வருகிறார்.

"வெறும் குஞ்சைக் காட்டினா எங்கேயாவது வாங்கி விட்டிருப்பேன்னு நினைப்பாங்க ஐயா. ஜோடி இருக்கணும். இது போனா எனக்கு மறுபடி இப்படி ஒண்ணு வராது."

"யார் மேலம்மா சந்தேகம்?"

"சந்தேகமே இல்லை. அக்காதான்."

சொன்னவள் பின் கதவைத் திறந்து காட்டினாள். வெளியே ஒரு பெரிய நீல டிரம். கடல் மீன் தொட்டிகளிலிருந்து கழித்த உப்புத் தண்ணீர் அதில் நிரம்பியிருந்தது. டிரம்மின் அடியிலிருந்து ரப்பர் குழாய் ஒன்று மண்ணில் நெளிந்து போய், பெரியவளின் கொடிப் பந்தலுக்கடியில் வாயை வைத்துக்கொண்டு கிடந்தது.

"அதிகாரியம்மா வர்றதுக்குள்ள என் ஜோடி வரலைன்னா இந்தக் குழாயைத் திறந்துடுவேன். நான் வளர்த்தது போனா அக்கா வளர்த்ததும் போகட்டும்."

குரல் உயரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கத்துகிறவர்கள் பெரும்பாலும் எதையும் செய்வதில்லை.

மறுபடி தொட்டிக்கு வந்தேன். மூடி ஒழுங்காக மூடியிருந்தது. தரையில் சொட்டுத் தண்ணீர் இல்லை. பாதித் தண்ணீர் எங்கே போனது? மீனை அது இருந்த தண்ணீரோடே மொண்டு எடுத்திருக்கிறார்கள். தொட்டிக்குள் ஹீட்டர் கண்ணாடிக் குழாய் ஒன்று பாதி வெளியே தெரிந்தது. சுவிட்சைப் பார்த்தேன். அணைந்திருந்தது.

"நீங்க அணைச்சீங்களா?"

"நான் எதையும் தொடலை ஐயா. தண்ணி குறைஞ்சா அதை அணைச்சிடணும். இல்லேன்னா வெடிச்சிடும், குஞ்சும் செத்துடும்."

"அப்ப எடுத்த ஆளுக்குத் தொழில் தெரியும். குஞ்சு சாகக்கூடாதுங்கற நினைப்பும் இருந்திருக்கு" என்றேன்.

"பாசமான திருடன்" என்றார் சம்பந்தியம்மா. "பொண்ணு பார்த்து வைக்கலாம்."

இந்தத் துப்பு என்னுடையது. இதைக் கவனமாகச் சொல்லி வைக்கிறேன், பின்னால் உதவும்.

பெரியவள் பந்தலுக்குக் கீழே காய்ந்த இலை பறித்துக்கொண்டிருந்தாள். கணவர் எங்கேயோ செடி இறக்கப் போயிருந்தார். நான் சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

"கிளிமூக்கு போயிடுச்சாமே?"

"எது?"

கேட்டதோடு நிற்கவில்லை. கத்தரிக்கோலைப் போட்டுவிட்டுத் தலையை நிமிர்த்திப் பந்தலை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை பார்த்தாள். சிவப்புப் பூக்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கின. எல்லாம் இருந்தது. அப்புறம்தான் மூச்சு வந்தது.

"மீனா? ஒரு நிமிஷம் பதறிட்டேன்." இலையைப் பறிக்கப் போய்விட்டாள்.

"அதுக்கு வருத்தமில்லையா?"

"என்னத்துக்கு வருத்தம்? அந்த மீன் முட்டை போட்டது எதுல? என் சட்டியில. நல்ல சட்டியைக் கேக்காம எடுத்து, உடைச்சு, உள்ள போட்டா. மறு வாரம் முட்டை. ஊரெல்லாம் அவ பேர். சட்டி யாருதுன்னு ஒருத்தராவது கேட்டாங்களா?"

"கேட்டிருக்கணும்தான்" என்றார் சம்பந்தியம்மா, முகத்தைச் சீரியஸாக வைத்துக்கொண்டு. "நீங்க உக்காருங்கம்மா" என்று பெரியவள் தன் முக்காலியை அவருக்குத் தள்ளினாள். எனக்கு ஒரு உரச் சாக்கைக் காட்டினாள்.

"அவ போகட்டும், எனக்கென்ன. ஆனா காட்சியகத்துல பொறுப்பாளராம். நான் இங்க சாணியும் மண்ணும் கிளறிக்கிட்டு இருக்கணுமாம். என் கொடியைப் பார்க்க யாராவது காரு போட்டு வர்றாங்களா?"

"அந்த ஹீட்டர் சுவிட்ச் எந்தப் பக்கம் இருக்கு?" என்று திடீரென்று போட்டேன். இப்படித்தான் ஆளைப் பிடிக்க வேண்டும்.

"தண்ணிக்குள்ள கரன்ட் விடறாங்களே அதுவா? நான் அந்தக் கடைக்குள்ள காலே வைக்க மாட்டேன். சாகிறதுக்கா? எதுவா இருந்தாலும் தம்பி வரட்டும், அவர்கிட்டக் கேளுங்க. பாவம் அவர். கடைக்கு வர்றவங்கல்லாம், 'அம்மா இல்லையா'ங்கறாங்க. இல்லைன்னா திரும்பிப் போயிடறாங்க. எதிர்ல அவர் நின்னுக்கிட்டிருப்பார், தூணு மாதிரி."

திரும்பி நடக்கும்போது சம்பந்தியம்மா கேட்டார். "என்ன நினைக்கிறீங்க?"

"அவதான். வயித்தெரிச்சல் வாய் வழியா வழியுது. ஹீட்டர் தெரியாதுங்கறது நடிப்பு."

"வயித்தெரிச்சலை வெளியே கொட்டினவங்க வயிறு காலியா இருக்கும் சம்பந்தி. கொட்டாதவங்களைத்தான் பார்க்கணும்."

எனக்குப் பாடம் நடத்துகிறார்.

அந்த நேரம் கேட்டுக்கு வெளியே வேன் சத்தம் கேட்டது. சின்னவளின் கணவர். விடியும் முன்பே துறைமுகத்துக்குப் போனவர். கடல் கிளிமூக்கு கொஞ்சம் வாங்கி வருவதற்காக. போனை மேஜை மேலேயே மறந்துவிட்டுப் போய்விட்டார் என்று சின்னவள் சொல்லியிருந்தாள். மீன் காணாமல் போன செய்தி அவருக்கு எட்டியிருக்க வழியில்லை.

கேட்டைத் திறந்துவிட்டது நான்தான். வண்டியைத் திருப்பி நிறுத்தி இறங்கினார். மெலிந்த ஆள், சட்டைக் கையில் உப்புத் திட்டு. நான் யார் என்று சொன்னேன். அப்புறம் பொதுவாகச் சொன்னேன்.

"கிளிமூக்கு போயிடுச்சுங்க."

"அடடா." நெற்றியில் அடித்துக்கொண்டார். "இன்னைக்குப் போய் இப்படியா? ராத்திரி பகலா அது பக்கத்துலயே உக்காந்திருந்தாளே. அவ எங்க?" விடுவிடு என்று கடைக்குள் போய்விட்டார். உள்ளே அவள் அழுவதும் அவர் தேற்றுவதும் கேட்டது. "விடு, கிடைச்சிடும், நான் இருக்கேன்ல."

நல்ல புருஷன் என்று நினைத்தேன். நான் யாரையும் அவ்வளவு சீக்கிரம் நல்லவர் என்று நினைப்பதில்லை. நினைத்த அன்றைக்கு மோசம் போயிருக்கிறேன்.

சம்பந்தியம்மா உள்ளே போகவில்லை. வேனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சம்பந்தி, அவர் ஒண்ணு கேக்கலையே."

"என்ன?"

"எதுன்னு."

எனக்குச் சுரீர் என்றது. ஆனாலும் சட்டென்று ஒப்புக்கொள்ள மனசு வரவில்லை. "கட்டின பொண்டாட்டி வளர்த்த மீன். கிளிமூக்குன்னா முதல்ல அந்த ஞாபகம்தான் வரும்."

"சரி, வாயை விடுங்க. கண்ணு? வண்டியில கிளிமூக்கு ஏத்திக்கிட்டு வந்திருக்கார். கேட்ல இறங்கினதும் ஒரு ஆள் கிளிமூக்கு போயிடுச்சுங்கறார். நான் பிள்ளையை இடுப்புல வெச்சுக்கிட்டுப் போறேன், எதிர்ல வர்றவர் பிள்ளை விழுந்துடுச்சுங்கறார்னு வையுங்க. முதல்ல எங்க பார்ப்பேன்? என் இடுப்பைத்தானே? பெரியவங்க பந்தலைப் பார்த்தாங்க. இவர் வண்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கலை. எது போச்சுன்னு ஏற்கெனவே தெரிஞ்ச ஆளு."

நாற்பது வருஷம் மற்றவர்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்த அம்மாள். சொன்னதை விட்டுவிட்டுச் சொல்லாததைப் பிடிக்கிறார்.

வேனின் பின் கதவைத் திறந்தோம். தெர்மாகோல் பெட்டிகள் மூன்று. மூன்றிலும் ஒரே கையெழுத்தில் 'கிளிமூக்கு' என்று எழுதியிருந்தது. பொய் எழுதவில்லை பாருங்கள்.

"அதைத் தொடாதீங்க."

கணவர் கடை வாசலில் நின்றார். பின்னால் சின்னவள். சத்தம் கேட்டுப் பெரியவளும் கத்தரிக்கோலோடு வந்துவிட்டாள்.

"கடல் மீனும்மா அது. வெளிச்சம் பட்டா மிரண்டு செத்துப்போகும்."

"வெளிச்சம் வேண்டாம். நாக்கு போதும்" என்றார் சம்பந்தியம்மா.

மூடியை விரற்கடை மட்டும் தூக்கி, முதல் பெட்டிக்குள் இருந்த பையின் முடிச்சில் விரலைத் தேய்த்து நாக்கில் வைத்தார். முகம் கோணியது. "உப்பு." கடைசிப் பெட்டி. "இதுவும் உப்பு." நடுப் பெட்டியில் வைத்த விரலைச் சற்று நேரம் யோசனையாகச் சப்பினார்.

"இந்தப் பெட்டிக்கு மட்டும் ரத்தக் கொதிப்பு போல. உப்பை நிறுத்திட்டாங்க."

நான் எட்டிப் பார்த்தேன். மற்ற முடிச்சுகளில் கடல் தண்ணீர் காய்ந்து வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. நடுப் பையின் முடிச்சு துடைத்த மாதிரி இருந்தது. மூடியை முழுசாக எடுத்தேன். பைக்குள் ஆரஞ்சு நிறத்தில் இரண்டு, வளைந்த மூக்கோடு, ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நின்றன.

சின்னவள் ஓடி வரவில்லை. நின்ற இடத்திலேயே நின்றாள்.

கணவர் வேனின் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"சாகடிக்கணும்னு இல்லைங்க."

"தெரியும். ஹீட்டரை அணைச்சுட்டுப் போனீங்களே" என்றேன். அதைச் சொல்லும் உரிமை எனக்கு இருந்தது.

"கல்யாணத்துக்கு முன்னாடியிருந்து நான் வளர்க்கிறேன் அதை. தண்ணி மாத்தினேன், தீனி மாத்தினேன், எனக்கு ஒரு முட்டை வெக்கலை. இவ ஒரு ஓட்டுச் சட்டியைத் தூக்கி உள்ள போட்டா, வெச்சிடுச்சு. போர்டுல என் பேர் இருக்கு. உள்ள வர்றவன் என்கிட்டேயே 'அம்மா எங்க'ங்கறான்." கையை விரித்துப் பார்த்துக்கொண்டார். "அவங்க வந்து பார்த்துட்டுப் போயிடட்டும்னு நினைச்சேன். சாயங்காலம் நானே எங்கேயோ கண்டுபிடிச்ச மாதிரி கொண்டாந்து விட்டிருப்பேன். அப்பவாவது நான் கொடுத்ததா இருந்திருக்கும்."

"போகாதேன்னு என்கிட்டச் சொல்லியிருக்கலாமே" என்றாள் சின்னவள்.

"சொன்னா நீ போகாம இருந்திருப்பே. அப்புறம் விட்டுக்கொடுத்த பேரும் உனக்கே வந்திருக்கும்."

பொறாமையில் இத்தனை நேர்மையை நான் பார்த்ததில்லை. பெரியவள்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"தம்பியா இப்படி? நான்தான்னு ஊரே நினைச்சிருக்கும். நானும் நேத்து ராத்திரி அந்த மீன் சாகட்டும்னுதான் நினைச்சேன். நினைச்சதோட சரி, தூங்கிட்டேன்." அப்புறம் சின்னவள் பக்கம் திரும்பினாள். "முதல்ல போய் அந்தக் குழாயை எடுடி. என் கொடி உனக்கு என்ன பண்ணுச்சு?"

சின்னவள் போய்க் குழாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தாள். வரும்போது தலை குனிந்திருந்தது. "மன்னிச்சிடுங்கக்கா. உங்களைத்தான் சொன்னேன்."

"சொன்னா சொல்லிட்டுப் போ. அந்தம்மா வந்தா சட்டி யாருதுன்னு மட்டும் சொல்லிடு."

பையை அப்படியே தொட்டியில் மிதக்கவிட்டு, சூடு ஒத்துப்போகும்வரை காத்திருந்து, முடிச்சை அவிழ்த்தார்கள். அவிழ்த்தது கணவர். அவள் விலகி நின்று விட்டுக்கொடுத்தாள். அவருக்கு அது இன்னும் வலித்திருக்கும். இரண்டும் நேரே உடைந்த சட்டிக்குப் போயின. குஞ்சுகள் மேகம் மாதிரி அவற்றைச் சூழ்ந்தன.

அதிகாரியம்மாள் வந்தபோது நாங்கள் ஐந்து பேரும் தொட்டி முன்னால் வரிசையாக நின்றிருந்தோம், குற்றவாளிகள் மாதிரி. அந்த அம்மாள் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

"நம்பவே முடியலை. யாரு வளர்த்தது?"

சின்னவள் கணவர் பக்கம் திரும்பி அவரைப் பார்த்தாள். பெரியவள் அவரைப் பார்த்தாள். நானும் சம்பந்தியம்மாவும் பார்த்தோம். அவர் ஈரக் கையைச் சட்டையில் துடைத்தார். மறுபடி துடைத்தார்.

"அவதாங்க" என்றார். "நான் தண்ணி சுமக்கிற ஆளு."

"சட்டி என்னுது" என்றாள் பெரியவள்.

அதிகாரியம்மாள் புரியாமல் தலையாட்டிவிட்டு எங்களைப் பார்த்தார். "இவங்க?"

"காலையில ஜோடி காணாமப் போச்சு மேடம். இவங்கதான் துப்பறிஞ்சு கண்டுபிடிச்சாங்க" என்றாள் சின்னவள். எங்கே இருந்தது, யார் எடுத்தது என்று சொல்லவில்லை.

"அப்படியா? யாரு கண்டுபிடிச்சது?"

சம்பந்தியம்மா நாற்காலியில் போய் உட்கார்ந்து, சின்னவள் கொடுத்த டீயைக் கையில் பிடித்தபடி என் முகத்தைப் பார்த்தார். மற்றவர்களும் பார்த்தார்கள். சட்டையில் கை துடைத்த மனிதரும் பார்த்தார். எனக்கு அவர் பார்த்ததுதான் தாங்கவில்லை.

தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"பாதி இந்த அம்மா" என்றேன்.

சம்பந்தியம்மா டீயை உறிஞ்சிவிட்டுக் கேட்டார்.

"எந்தப் பாதி?"